பவுனு பேசப் பழகிய வீடு

ஈர மரவள்ளி மாவை உள்ளங்கையில் தட்டிக் காய்ந்த தகரத்தில் போட்டால் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் எழும். அதன் பின்னாலேயே செம்பனை எண்ணெயின் வாடையும் மாவு கருகும் வாசனையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறும். சப்பான்காரன் காலத்தில் எங்கள் வீட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட ஆகப் பெரிய சத்தம் அதுதான். அதற்கு மேல் ஓர் இருமலோ சிரிப்போ ஆம்பளைக் குரலில் வெளியே கேட்டுவிட்டால் அப்பாவைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அந்த வயதில் எனக்குத் தெரிந்த ஒரே உலக விவகாரம் இதுதான்.

எங்கள் தோட்டம் ஜொகூரில் செனாய்ப் பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்தது. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளின் வரிசையை "லயம்" என்போம். எங்கள் லயத்தில் கடைசி வீடு எங்களுடையது, அதற்கப்புறம் காடுதான். அப்பா தோட்டத்து மாட்டு வண்டி ஓட்டியவர். ரப்பர் பால் ஏற்றிக்கொண்டு வண்டி மேட்டில் ஏறும்போது மாடுகளை அவர் அதட்டுகிற அதட்டல் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கேட்கும்; அதைக் கேட்டுத்தான் அம்மா உலை வைப்பாள். மாடுகளோடு அவ்வளவு பேசுகிற மனுஷர் பிள்ளைகளோடு பேசியதில்லை. என்னை ஒரு தரம் தூக்கி இடுப்பில் வைத்ததாகக்கூட எனக்கு நினைவில்லை. பிள்ளை என்பது பொம்பளைகள் பாடு என்று இருந்துவிட்டவர் அவர்.

சண்டை வந்தது, வெள்ளைக்காரத் துரை ஓடினார், சப்பான்காரன் வந்தான், மாடுகளை அடித்துத் தின்றான். அதோடு அப்பாவின் வண்டியும் நின்றது. பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்றார்கள். முதலில் நல்ல சம்பளம், வயிறாரச் சோறு, சீக்கிரமே திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். நம்பிப் போனவர்களில் ஒருவரும் திரும்பாததைப் பார்த்து ஜனங்கள் பின்வாங்கியதும், பிடித்து லாரியில் ஏற்றத் தொடங்கினார்கள். எங்கள் சுவரை ஒட்டிய வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே லாரியில் போனார்கள். அவர்களுடைய அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு பத்து பாகாட் என்ற ஊரில் உறவுக்காரர் யாரிடமோ போய்விட்டாள். அந்த வீடு காலியானது எங்களுக்கு வசதியாகப் போயிற்று என்று சொல்ல எனக்கே கூசுகிறது. ஆனால் நிசம் அதுதான்.

ஒரு நாள் காலையில் அம்மா வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "பாவி மனுசன் மெர்சிங்குக்கு மீன் புடிக்கப் போறேன்னு ஓடிட்டானே! ரெண்டு பொட்டப் புள்ளையையும் என் தலையில கட்டிட்டு ஓடிட்டானே! அவன் வெளங்குவானா, உருப்படுவானா!" என்று அவள் வைத்த ஒப்பாரியில் லயமே கூடிவிட்டது. வந்தவர்களும் தங்கள் பங்குக்கு நாலு வசவு சேர்த்து வைத்துவிட்டுப் போனார்கள். அடுப்படிக்கு மேலே, விறகு அடுக்குகிற பரணில் குப்புறப் படுத்துக்கொண்டு அப்பா அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்த பிறகு இறங்கி வந்து, "கொஞ்சம் கொறச்சலா ஏசியிருக்கலாம்லா" என்று அம்மாவின் காதோரம் அவர் சொன்னதுதான் நான் கேட்ட அவருடைய முதல் குசுகுசுப் பேச்சு.

அப்பாவை ஒளித்து வைப்பது பெரிய காரியமில்லை. என் தங்கை பவுனுவின் வாயை ஒளித்து வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அவளுக்கு அப்போதுதான் இரண்டு வயது முடிந்திருந்தது. "தண்ணி", "இன்னா", "அப்பா" என்று சொல் சொல்லாகப் பொறுக்க ஆரம்பித்திருந்தாள். அம்மா தோட்டத்து வேலைக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் அரிசி அளக்க மாட்டார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக "ஆயாக் கொட்டாய்" என்று ஒன்று இருந்தது. ஒரு கிழவி பத்துப் பதினைந்து பிள்ளைகளை அங்கே மேய்த்துக்கொண்டிருப்பாள். அங்கே போய் இந்தக் குட்டி "அப்பா வீட்ல" என்று ஒரு தடவை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. அதனால் பிள்ளைக்குச் சிரங்கு என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்தாள். அந்தக் காலத்தில் சிரங்கு இல்லாத பிள்ளை ஏது? ஆயாக் கிழவியே, "உன் புள்ளைய வீட்டுலயே வச்சுக்க தாயி" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

ஆக, விடிந்ததிலிருந்து அம்மா திரும்புகிற வரை, ஜன்னல் இல்லாத அந்த உள்ளறையிலும் அடுப்படியிலும் அப்பாவும் பவுனுவும்தான். நான் வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டோ தேங்காய் நார் பிரித்துக்கொண்டோ காவல் இருப்பேன். ஆள் வருவது தெரிந்தால், "ச்சீ, போ நாயே!" என்று கத்த வேண்டும். எங்களிடம் நாய் கிடையாது. லயத்திலேயே நாய் கிடையாது. இருந்தாலும் இல்லாத நாயை நான் விரட்டாத நாள் கிடையாது. இந்தப் பெண்ணுக்கு ஏதோ பேய் பிடித்திருக்கிறது என்று இரண்டொருவர் அம்மாவிடம் திருநீறு கொடுத்துவிட்டும் போனார்கள்.

முதல் சில நாட்கள் அந்த இரண்டு பேரும் பட்ட பாட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும், அழுகையும் வரும். அப்பாவுக்குப் பிள்ளையைப் பிடிக்கவே தெரியவில்லை. அரிசி மூட்டையைத் தூக்குகிற மாதிரி அக்குளில் இடுக்கிக்கொள்வார். அவள் வீல் என்று அழுவாள். அழுகையைச் சமாதானப்படுத்த ஒரு நாள் தேங்காய்ச் சிரட்டை இரண்டைச் சேர்த்துக் கட்டி உள்ளே நாலு ரப்பர் மரத்துக் கொட்டையைப் போட்டு ஒரு கிலுகிலுப்பை செய்தார். அவர் வண்டிக்காரர், மாட்டுக் கழுத்து மணிக்குப் பழகிய கை. பவுனு அதை வாங்கி உலுக்கிய உலுக்கலில் பாதி லயம் திரும்பிப் பார்த்தது. அம்மா சாயந்திரம் வந்து அதை அடுப்பில் போட்டு எரித்துவிட்டு, "மனுசா, சத்தமில்லாம வெளையாட ஒண்ணு செய்ய முடிஞ்சா செய்யி, இல்லாட்டி பரண்லயே கெட" என்றாள்.

மறுநாளிலிருந்து அப்பா ஆரம்பித்தார் பாருங்கள், இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வாய் பிளந்துகொள்கிறது. மரப்பட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கிற "ஒட்டுப்பால்" நூலைச் சுருட்டி எடுத்துவர அம்மாவிடம் சொல்லி, அதை இழுத்து இழுத்துச் சுற்றிப் பந்து செய்தார். பந்து குதித்தால் சத்தம் வருமே என்று அதற்குப் பழைய வேட்டிக் கிழிசலில் ஒரு சட்டை தைத்துப் போட்டார். அந்தப் பந்து குதிக்காது, உருளும். இருவரும் அறையின் இரண்டு மூலையில் கால் அகட்டி உட்கார்ந்துகொண்டு மணிக்கணக்காக உருட்டிக்கொள்வார்கள். தென்னங்கீற்றில் பாம்பு, வெட்டுக்கிளி, மூன்று கண்ணி வைத்த பொம்மை மோதிரம் என்று ஒவ்வொன்றாக அவர் விரலிலிருந்து பிறந்தது. தடித்த விரல், சாட்டை பிடித்துப் பிடித்துக் காய்ப்புக் காய்த்த விரல். அந்த விரல் ஒரு கீற்றை இத்தனை நேர்த்தியாக மடிக்கும் என்று அவருக்கே அதுவரை தெரிந்திருக்காது.

ஒரு நாள் கரித்துண்டால் தரையில் ஒரு மாடு வரைந்தார். திமில், கொம்பு, மூக்கணாங்கயிறு எல்லாம் சரியாக இருந்தது. அவருடைய வெள்ளைக்காளை அது என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பவுனு அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பிறகு அழிக்க வேண்டும், யாராவது பார்த்தால் யார் வரைந்தது என்று கேட்பார்கள்; ஈரத் துணியால் அவரே வாலிலிருந்து தொடங்கி மெல்லத் துடைத்தார். "மாடு எங்க?" என்று அவள் கேட்டாள். "மேயப் போயிருச்சு. நாளைக்கு வரும்" என்றார். மறுநாள் வந்தது. தினமும் வந்தது. மஞ்சளில் ஒரு புள்ளி, செம்பனை எண்ணெயில் ஒரு புள்ளி, கரியில் ஒரு புள்ளி வைத்து அவளுக்கு நிறம் சொல்லிக் கொடுத்தார். கூரையில் ஆணி ஓட்டை வழியாக விழுகிற வெயில் வட்டத்துக்குத் தரையில் கோடு போட்டு, "வெயிலு இந்தக் கோட்டுக்கு வந்தா அம்மா வரும்" என்று காட்டிக் கொடுத்தார். அவள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு வெயிலை விரலால் தள்ளிப் பார்ப்பாள்.

சமையலும் அவர்கள் இருவர்தான். ஆணியால் ஓட்டை போட்ட தகரத்தில் அப்பா மரவள்ளிக் கிழங்கைத் துருவுவார். துணியில் கட்டிப் பிழிகிற வேலை பவுனுவுக்கு. அந்தப் பால் தண்ணீரைச் சட்டியில் வைத்துவிட்டு இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மெல்ல மெல்லத் தண்ணீர் தெளிந்து அடியில் வெள்ளை வெளேரென்று மாவு தங்கும். தினம் நடக்கிறதுதான், தினமும் அவளுக்கு அதிசயம். "ஐயே!" என்று கையை வாயில் வைத்துக்கொள்வாள். உண்மையைச் சொன்னால் அப்பாவுக்கும் அதிசயமாகத்தான் இருந்தது, அவர் முகத்தில் அது தெரியும். அந்த மாவையும் பிழிந்த துருவலையும் சேர்த்து உருட்டித் தட்டித் தகரத்தில் ரொட்டி சுட்டு, ஓரத்தில் பவுனு தட்டிய கோணல் மாணலான குட்டி ரொட்டியையும் சுட்டு எடுப்பார்கள். வாசனை வெளியே போகுமே? போகட்டும், வீட்டில் நான் இருக்கிறேனே. "எட்டு வயசுல இந்தப் புள்ள என்னமா ரொட்டி சுடுது! கட்டிக்கப் போறவன் குடுத்து வச்சவன்" என்று லயத்துப் பெண்கள் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழிப்பார்கள். நானும் வெட்கப்பட்ட மாதிரி தலையைக் குனிந்துகொள்வேன். எனக்கு அடுப்பு பற்ற வைக்கக்கூட வராது.

பொறாமை இருந்ததா என்றால், இருந்தது. வாசற்படியில் கீரையோடு உட்கார்ந்துகொண்டு, எனக்கு ஒரு நாளும் கிடைக்காத அப்பாவை அவள் முழுசாகத் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்து நெஞ்சு எரியும். ஆனால் எரிச்சலோடு பார்க்க ஆரம்பித்தவள் கொஞ்ச நேரத்தில் கீரையை மறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதில் பெரிய ஆச்சரியம் வேறு ஒன்று. இவை எல்லாவற்றையும் அப்பா குசுகுசுவென்றுதான் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு சொல்லையும் அவள் காதுக்குப் பக்கத்தில் வெறும் மூச்சில் சொல்வார். அவளும் அப்படியே மூச்சில் திருப்பிச் சொல்வாள். அழும்போது சத்தம் வரும், சிரிக்கும்போது சத்தம் வரும், பேசும்போது மட்டும் சத்தமே வராது. ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்த ஒன்றிரண்டு சொற்களையும் சத்தமாகச் சொல்வதை மறந்துபோனாள். பேச்சு என்றால் இதுதான் என்று நினைத்துவிட்டாள். வீட்டுக்குள் அம்மாவும் நானும்கூட அப்படியேதான் பேசினோம். வெளியே மற்றவர்கள் பேசுகிற சத்தத்தைக் காக்கை கத்துகிற கணக்கில் சேர்த்துவிட்டாளோ என்னவோ. என்னோடு வாசலுக்கு வந்தால் யாராவது அவளைக் கொஞ்சுவார்கள், அவள் உதடு அசையும், ஒன்றும் கேட்காது. "ஊமையா இருக்குமோ?" என்று அம்மாவிடம் இழுத்தார்கள். "எந்தச் சாமி கண்ணக் குத்துச்சோ" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையை ஊமை என்று ஒத்துக்கொள்ள எந்தத் தாய்க்கு மனசு வரும்? அம்மாவுக்கு வந்தது.

ஆனாலும் ஒரு ஆபத்து இருந்தது. ஒரு முறை நெருப்பு வாங்க வந்த ஒரு பெண் அடுப்படி வரை வந்துவிட, அப்பா பரணில் ஏறிவிட்டார். பவுனு பரணைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு, "அப்பா, வா" என்று மூச்சில் கூப்பிட்டுக்கொண்டே நின்றாள். வந்தவள் நெருப்பிலேயே கண்ணாக இருந்ததால் பிழைத்தோம். அன்றைக்கு அப்பா ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். வழவழவென்று வரிக்கோடு போட்ட ரப்பர் கொட்டை ஒன்றை அவள் வலக்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடுவார். "கொட்ட தூங்குது. நீ பேசுனா முழிச்சுக்கும். கையத் தொறந்தாலும் முழிச்சுக்கும். அப்பா வந்து தொறக்குற வரைக்கும் தூங்கட்டும், என்ன?" என்பார். அவள் மூச்சைக்கூட மெதுவாக விடுவாள். முதலில் கொஞ்ச நேரம், பிறகு இன்னும் கொஞ்ச நேரம் என்று தினமும் பழக்கினார். ரொட்டி வேகிற நேரம் முழுக்கக் கையை மூடிக்கொண்டு கொட்டைக்குக் காவல் நிற்க அவள் பழகிவிட்டாள்.

அம்மா பழக்கியது வேறு ஒன்று. எதை வாங்கினாலும் சோத்துக் கையால் வாங்க வேண்டும். "பீச்சாங்கைய நீட்டாத!" என்று சுளீர் என்று ஒன்று வைப்பாள். அவள் ஒரு துண்டு கிழங்கை நீட்டுவாள். பவுனு இடக்கையை நீட்டினால் அடி, வலக்கையை நீட்டினால் கிழங்கு. நான் வாங்காத அடியா? எங்கள் சனத்தில் எல்லாப் பிள்ளைகளும் வாங்கியதுதான். சோறில்லாத காலத்திலும் அம்மா சோத்துக் கையை விட்டுக்கொடுக்கவில்லை.

அவர்கள் வந்தது ஒரு முற்பகல் நேரம். பாதை வழியாக வருவார்கள் என்று நான் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கிழங்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுப் பக்கமாக வந்துவிட்டார்கள். பூட்ஸ் சத்தம் அடுப்படிக்குப் பின்னால் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. "ச்சீ, போ நாயே!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன். அப்பாவின் கால் பரணுக்குள் மறைவதைத்தான் பார்த்தேன். பவுனு அடுப்புக்கு முன்னால் முழங்கை வரை மாவோடு நின்றாள், வலக்கை இறுக மூடியிருந்தது. தகரத்தில் அப்போதுதான் போட்ட ரொட்டி "ஸ்ஸ்" என்றது. அதில் அப்பாவின் நாலு விரலும் பதிந்திருந்தன, பெரிய ஆம்பளை விரல்கள். எனக்கு எங்கிருந்து புத்தி வந்ததோ, அதைச் சட்டென்று திருப்பிப் போட்டேன்.

பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர், நம்ம ஆள்தான். இன்னொருவன் சப்பான்காரச் சிப்பாய். மண்டோர் அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஒங்கப்பன் மெர்சிங்ல இருந்து எதுவும் குடுத்துவிட்டானா?" என்று என்னைக் கேட்டார். "இல்ல மண்டோரய்யா" என்றேன். "யாரு ரொட்டி சுடுறது?" "நான்தான்." அவர் என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. பவுனு பக்கம் திரும்பினார். "இது ஊமைனு சொல்றாங்க. பாப்போம். ஏ கண்ணு, அப்பா எங்க? மாமாகிட்டச் சொல்லு."

பவுனு அவரைப் பார்த்தாள். உதடு கொஞ்சம் பிரிந்தது. பரண் அவள் தலைக்கு நேர் மேலே இருந்தது. அவள் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தால் போதும், சொல்லவே வேண்டாம்.

அந்தச் சிப்பாய் என்ன நினைத்தானோ, துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் முன்னால் குந்தினான். சட்டைப் பையில் துழாவி ஒரு மிட்டாயை எடுத்தான். பிரித்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான். பிறந்ததிலிருந்து சீனியை நாக்கில் வைத்தறியாத பிள்ளை; ஆனாலும் அது ஏதோ நல்லது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மண்டோர் விடவில்லை. "வாங்கிக்க. வாங்கிக்கிட்டு அப்பா எங்கனு சொல்லு" என்றார்.

பவுனுவின் இடக்கை எழுந்தது. பாதி தூரம் போனது. அங்கேயே நின்றது. அம்மாவின் அடி அந்தக் கைக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், அதை மெதுவாக இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். பிறகு வலக்கையைப் பார்த்தாள். அது மூடியிருந்தது, உள்ளே கொட்டை தூங்கிக்கொண்டிருந்தது. மறுபடியும் மிட்டாயைப் பார்த்தாள். கீழுதடு பிதுங்கியது. திறந்துவிடுவாள், திறந்துவிட்டு அப்பா வைத்த விளையாட்டு முடிந்துவிட்டது என்று பரணைப் பார்த்துச் சொல்வாள் என்று நான் நினைத்தேன். மாரியாத்தா, மாரியாத்தா என்று எனக்குள் அடித்துக்கொண்டது. அவள் இரண்டு கையையும் நீட்டவில்லை. குருவிக் குஞ்சு மாதிரி அண்ணாந்து வாயைத் திறந்தாள்.

சிப்பாய் ஒரு கணம் முழித்தான். பிறகு "ஹா!" என்று பெரிதாகச் சிரித்துவிட்டு மிட்டாயை அவள் வாயில் போட்டான். அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் கண் விரிந்தது. அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன்! உயிர் போகிற காரியம் நடந்துகொண்டிருக்கிற அந்த நேரத்திலும், ஒரு பிள்ளை முதல் முதலாக இனிப்பைத் தெரிந்துகொள்கிற முகத்தைப் பார்த்து நான் சொக்கிப்போய் நின்றேன். மண்டோர் மறுபடியும் "அப்பா எங்க?" என்றார். அவள் வாய் நிறைய மிட்டாய். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் மெச்சி அவள் தலையைத் தட்டிவிட்டு, சிப்பாய் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மண்டோரை முன்னால் தள்ளிக்கொண்டு போனான்.

அவன் நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை. அன்றைக்கே இரண்டாவது லயத்தில் நாலு பேரை அடித்து லாரியில் ஏற்றியவனும் அவன்தான்.

அவர்கள் போய் வெகு நேரம் கழித்து அப்பா இறங்கினார். பவுனு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவர் மண்டியிட்டு அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கொட்டை வியர்வையில் நனைந்திருந்தது, உள்ளங்கையில் அவளுடைய நகம் பதிந்து சிவந்திருந்தது. "முழிச்சிருச்சா?" என்று மூச்சில் கேட்டார். "இன்னும் தூங்குது" என்று அவளும் மூச்சில் சொன்னாள். மாட்டை இழந்தபோதுகூட அழாத மனுஷர், அந்தக் கையைத் தன் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு சத்தமே வராமல் அழுதார். சாயந்திரம் நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அம்மா பவுனுவை மடியில் போட்டுக்கொண்டு, அவளுடைய இடக்கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். "இனிமே நீ எந்தக் கையில வேணா வாங்கிக்கடி என் ராசாத்தி. ஒன்ன இனிமே அடிக்க மாட்டேன்" என்றாள். என்னை அப்புறமும் அடித்தாள், அது வேறு கதை.

சப்பான்காரன் தோற்றுவிட்டான் என்ற செய்தி தோட்டத்துக்கு வந்தபோது முதலில் யாரும் நம்பவில்லை. அம்மா நிச்சயமாகத் தெரிந்துகொண்டு வந்த பிறகுதான், ஒரு காலை வேளையில், நல்ல வெயிலில், அப்பா முன்வாசல் வழியாக வெளியே இறங்கினார். உடம்பெல்லாம் வெளிறிப்போய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எங்கே கால் வைப்பது என்று தெரியாதவர் போல நடந்தார். லயத்தில் இருந்தவர்கள் பேயைக் கண்ட மாதிரி நின்றார்கள். மெர்சிங்கில் இருக்கிற ஆள் பரணிலிருந்து வந்தால் வேறு எப்படி நிற்பார்கள்?

பவுனு வாசற்படியில் என்னோடு நின்றாள். அவளைப் பொறுத்தவரை அப்பா என்பவர் வீட்டுக்குள் இருப்பவர். வெளியே போகிற அப்பாவை அவள் பார்த்ததே இல்லை. அவர் வெயிலுக்குள் போய்க்கொண்டே இருந்ததைப் பார்த்து அவளுக்கு என்ன ஆயிற்றோ, கழுத்து நரம்பு புடைக்க, "அப்பா! உள்ள வா!" என்று கத்தினாள்.

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை, தன் வாயிலிருந்து வந்ததுதானா என்று பயந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை நாளும் எந்தச் சொல்லுக்காக நாங்கள் செத்துச் செத்துப் பிழைத்தோமோ, அந்தச் சொல் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போயிற்று. ஊமை என்று இரக்கப்பட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். அப்பா திரும்பிப் பார்த்தார். "கத்து! இன்னும் நல்லாக் கத்து!" என்று தன்னுடைய பழைய வண்டிக்காரக் குரலில் அதிர அதிரச் சொன்னார். அதைக் கேட்டதும் பவுனு வீறிட்டு அழுதுகொண்டு என் பாவாடைக்குள் புகுந்துகொண்டாள். இத்தனை சத்தமாகப் பேசுகிறவர் தன் அப்பாதான் என்று பல நாள் அவள் நம்பவில்லை. அவர் படுத்திருக்கும்போது பக்கத்தில் போய்க் காதில் மூச்சில் எதையோ கேட்டு, அவர் மூச்சில் பதில் சொன்ன பிறகுதான் அவர்மேல் சாய்வாள்.

அதெல்லாம் முடிந்து ஒரு ஆயுசு ஆகிவிட்டது. அப்பா, அம்மா, மண்டோர் யாரும் இல்லை. லயம் இருந்த இடத்தில் இப்போது ஒரு தொழிற்சாலையின் லாரிகள் வரிசையாக நிற்கின்றன; ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, கொட்டை வெடித்துச் சிதறுகிற சத்தமும் இல்லை. ஜொகூர் பாருவில் பவுனுவின் பேரன் வீட்டுக்குப் போன மாதம் போயிருந்தேன். பேரன் விடியுமுன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுகிறான். அவன் பெண்டாட்டி இரண்டு வயதுப் பிள்ளையைக் கூடத்தில் உட்கார வைத்து, வண்ண மாவு பிசைந்து கொடுக்கிறாள், காகிதம் வெட்டி ஒட்டுகிறாள், படம் காட்டிச் சொல் சொல்லித் தருகிறாள். பிள்ளை கத்துகிறது, அவளும் கத்துகிறாள், தொலைக்காட்சி வேறு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பவுனு நாற்காலியில் சாய்ந்துகொண்டு அதைப் பார்த்துச் சிரித்தாள். "நம்ம காலத்துல யாருக்கா புள்ளைகூட இப்படி ஒக்காந்தாங்க? அப்பா மாட்டத்தான் கொஞ்சுனாரு. என்னைய ஒரு நாளாவது கிட்ட வச்சு ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்திருப்பாரா?" என்றாள்.

அந்த மிட்டாயைப் பற்றியும் பரணைப் பற்றியும் நான் எத்தனையோ தரம் அவளிடம் சொல்லியிருக்கிறேன். "போக்கா, கத விடாத. அப்பாவாவது, மெதுவாப் பேசுறதாவது" என்று ஒவ்வொரு தரமும் சிரித்துவிடுவாள். அவளுக்குத் தெரிந்த அப்பா சத்தம் போடுகிற அப்பா ஒருவர்தான். மூச்சில் பேசிய அந்த இன்னொரு அப்பா அவளிடமிருந்து சுத்தமாகத் துடைபட்டுப் போய்விட்டார். அவரைப் பார்த்தவள் என்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான், அதுவும் வாசற்படியிலிருந்து பார்த்தவள்.

அன்றைக்கு எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் காதோரம் குனிந்து, அப்பா சொன்ன மாதிரியே, மூச்சில், அவர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த சொற்களை எனக்கு நினைவு இருந்த வரையில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாவு. மஞ்சள். வெயில். மாடு மேயப் போயிருச்சு, நாளைக்கு வரும்.

பவுனு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா வாய மட்டும் அசைக்கிற?" என்றாள். "எனக்குத்தான் காது மந்தமாயிருச்சுல்ல. சத்தமாச் சொல்லு."